காணாமற்போனவரின் படத்தைத் திருத்த எந்தச் செயலி நல்லது?

கோப்பாயிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வீட்டுச் சுவர்களில் தொங்கும் பழைய படங்களில் பல, ஒரே பாதையால் போய் வந்தவை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் மழைக்குள் நாவற்குழி வழியே தென்மராட்சிக்கு நடந்தபோது, காணி உறுதியோடும் அடையாள அட்டையோடும் உடுப்புப் பையின் அடியில் போன படங்கள் அவை. நனைந்து, அல்பத்தின் தாளோடு ஒட்டி, ஓரம் கறையான் அரித்துத் திரும்பி வந்தன. பிறகு வன்னிக்குப் போன குடும்பங்களின் படங்கள் 2009 வரை இன்னும் எத்தனையோ தரம் இடம்பெயர்ந்தன.

கல்லறை இருந்தவர்களுக்கும் இன்று படம்தான் மிச்சம். கோப்பாய் துயிலும் இல்லம் இடித்து அழிக்கப்பட்டு, அந்த நிலத்தில் 2011இல் இராணுவத்தின் 51ஆவது படைப்பிரிவின் தலைமையகம் எழுந்தது. கார்த்திகை 27இல் விளக்கேற்றுபவர்கள் வேறொரு காணியில் படத்தை வைத்துத்தான் ஏற்றுகிறார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரியிலிருந்து வீதியோரங்களில் மடியில் வைத்திருப்பதும் படத்தைத்தான்.

இப்போது பேரப்பிள்ளையின் கையில் தொலைபேசி இருக்கிறது. "மாமாவின்ர படத்தைக் கொஞ்சம் தெளிவாக்கித் தா" என்று அம்மம்மா கேட்டால் ஐந்து நிமிட வேலை. செயலிகளோ நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன. எதைத் தெரிவு செய்வது என்பதற்கு நட்சத்திரக் குறிகளும் விளம்பரங்களும் உதவாது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தச் செயலி படத்தில் இருப்பதைத் துலக்குகிறதா, இல்லாததைப் புதிதாக வரைகிறதா?

துலக்குவதும் வரைவதும்

வெளிச்சத்தைக் கூட்டுவது, மங்கலைக் குறைப்பது, மஞ்சள் பாய்ந்ததைச் சரிசெய்வது, சரிந்த படத்தை நிமிர்த்துவது எல்லாம் துலக்கும் வேலைகள். முகத்தில் ஏற்கெனவே உள்ள கோடுகள்தான் கூடக்குறையத் தெரியும். புதிய கோடு எதுவும் வராது.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் செய்வது வேறு. மங்கலான கண்ணைக் கண்டதும், தாம் பயின்ற பல இலட்சம் முகங்களின் கண்களிலிருந்து பொருத்தமான ஒன்றை ஊகித்து அந்த இடத்தில் வரைகின்றன. விளைவு பார்க்க அழகாயிருக்கும். ஆனால் அது அவருடைய கண் அல்ல. 2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படியான கருவி ஒன்றை வெளியிட்டார்கள். ஒருவர் பராக் ஒபாமாவின் மங்கலான படத்தை அதில் கொடுத்தபோது வெளிவந்தது ஒரு வெள்ளைக்காரரின் முகம். உலகமே அறிந்த முகத்துக்கு அந்தக் கதி. 1990இல் யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோ ஒன்றில் எடுத்த கடவுச்சீட்டு அளவுப் படத்தில் உள்ள இளைஞனை அந்தக் கருவிகள் எப்படி அறியும்? தோலை வெளிறவைப்பதும், மூக்கைக் கூராக்குவதும், இல்லாத பல்லை நேராக அடுக்குவதும் அடிக்கடி நடக்கிறது. வீட்டார் முதலில் மகிழ்ந்து, சற்று நேரம் பார்த்துவிட்டு, "இது ஆளைப் போல இல்லையே" என்று சொல்வதற்குக் காரணமும் இதுதான்.

செம்மணி சொல்லும் பாடம்

அழகுக்காகச் சுவரில் மாட்டும் படம்தானே, கொஞ்சம் மாறினால் என்ன என்று கேட்கலாம். கோப்பாய்க்கு அண்மையில் இருக்கும் செம்மணியை நினைத்துப் பாருங்கள். 1996இல் மட்டும் சுமார் 600 பேர், பெரும்பாலும் யாழ்ப்பாணத்தில், காணாமற்போனதாகச் சர்வதேச மன்னிப்புச் சபை பதிந்தது. 1998இல் மரணதண்டனை விதிக்கப்பட்ட ஓர் இராணுவச் சிப்பாய் நீதிமன்றத்தில் செம்மணிப் புதைகுழிகளைப் பற்றிச் சொன்னார். 1999 அகழ்வில் 15 எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. 2025இல் அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் மீண்டும் தோண்டியபோது 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. அந்த ஓகஸ்ட் 5ஆம் திகதி, அங்கே கிடைத்த உடைகளும் பொருட்களும் நீதிமன்ற உத்தரவின்படி மக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டன. உறவினர்கள் வரிசையாக வந்து பார்த்தார்கள்.

அப்படி ஒரு நாளில் வீட்டில் உள்ள பழைய படம் வெறும் நினைவுப் பொருளாக இருப்பதில்லை. சேட்டின் கோடு, செருப்பின் வார், காப்பு, கழுத்துச் சங்கிலி எல்லாம் அதில் பதிந்திருக்கின்றன. சிரித்தபடி எடுத்த படம் என்றால் முன்பற்களின் இடைவெளியும் உடைந்த மூலையும் தெரியும். தடயவியல் பல் மருத்துவர்கள் இத்தகைய சிரிப்புப் படங்களை மண்டையோட்டின் பற்களோடு ஒப்பிடுவது உலகெங்கும் உள்ள நடைமுறை. மரபணுச் சோதனையே முதன்மையானது என்றாலும், யாரைத் தேடுவது என்ற இடத்தில் படம் உதவும். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ஒரு செயலி தானே ஊகித்து நீலச் சேட்டைப் போட்டுவிட்டால், பத்து வருடங்களில் வீட்டில் எல்லோரும் அது நீலம் என்றே நம்பத் தொடங்கிவிடுவார்கள். பற்களைச் செயலி வரைந்துவிட்டு மூலப் படம் தொலைந்தும் போனால், அந்தச் சான்று அதோடு முடிந்தது.

திருத்த முன் ஒரு பிரதி

ஆகவே செயலிக்கு முன்னம் செய்ய வேண்டியது, கை வைக்காத பிரதி ஒன்றை எடுத்து வைப்பது. தொடர்பு நிலையத்திலோ ஸ்ரூடியோவிலோ ஸ்கானர் இருந்தால் அதுவே சிறந்தது. ஆனால் அங்கே வழக்கமாக வைத்திருக்கும் 300 என்ற அளவில் கடவுச்சீட்டு அளவுப் படத்தை எடுத்தால் 413க்கு 531 புள்ளிகள்தான் கிடைக்கும். 1200இல் எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். நான்கு மடங்கு நீளமும் அகலமும் வரும். சுருக்கிய வடிவத்தில் தராமல் முழுத் தரத்திலேயே யுஎஸ்பியில் வாங்குங்கள்.

தொலைபேசியால் எடுப்பதென்றால் காலையில் வீட்டு விறாந்தையின் நிழல் நல்லது. பிளாஷ் வேண்டாம். படத்தைத் தட்டையாக வைத்து, தொலைபேசியை அதற்கு நேர் மேலே பிடிக்க வேண்டும். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை உரிக்க முயலாதீர்கள். முகத்தின் பாதி கண்ணாடியில் நின்றுவிடும். கண்ணாடிக்கு மேலாலேயே எடுக்கலாம். வெளிச்சம் தெறித்தால், கறுப்புத் துணி ஒன்றை எதிரே பிடித்தால் போதும். 2016இல் கூகிள் வெளியிட்ட போட்டோஸ்கான் செயலி ஒரே படத்தைப் பல கோணங்களில் எடுத்துத் தெறிப்பை நீக்கித் தருவது. பளபளப்பான தாளுக்கு அது உதவும். கடிதங்களை ஸ்கான் செய்யும் செயலிகளை முகப் படத்துக்குப் பாவிக்க வேண்டாம். அவை எழுத்துத் தெளிவாகத் தெரியவேண்டும் என்பதற்காக நிழல்களை வெளுத்துவிடும். அவற்றில் பிரபலமான காம்ஸ்கானரின் அன்ட்ரொயிட் பதிப்பில் 2019இல் தீங்கு நிரல் இருந்ததைக் கஸ்பர்ஸ்கி நிறுவனம் கண்டுபிடித்ததும் நினைவிருக்கட்டும்.

படம் எடுக்கும் முன் கமராவில் உள்ள அழகூட்டும் வசதியை நிறுத்திவிடுங்கள். பல தொலைபேசிகளில் அது நாம் கேளாமலே வேலை செய்து மச்சத்தையும் தழும்பையும் மழித்துவிடுகிறது. படத்தின் பின்பக்கத்தையும் ஒரு தரம் எடுங்கள். ஸ்ரூடியோவின் முத்திரை, திகதி, யாரோ பேனையால் எழுதிய பெயர் ஆகியவை பலவேளை முன்பக்கத்தைவிடக் கூடச் சொல்லும்.

எந்தச் செயலிகள்

பெரும்பாலான வீடுகளுக்குப் போதுமானது ஸ்நாப்சீட். நிக் என்ற நிறுவனம் உருவாக்கியதை 2012இல் கூகிள் வாங்கியது. அன்ட்ரொயிட், ஐபோன், ஐபாட் எல்லாவற்றிலும் இலவசம், விளம்பரம் இல்லை. அடிப்படைத் திருத்தங்களைத் தொலைபேசிக்குள்ளேயே செய்துவிடுவதால் டேட்டாவும் செலவாகாது. வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் 'டியூன் இமேஜ்' போதும். கீறல், பூஞ்சணப் புள்ளி போன்றவற்றுக்கு 'ஹீலிங்' உண்டு. விரலால் தொட்ட இடத்துக்கு, அருகில் உள்ள பகுதியைப் பிரதியெடுத்து ஒட்டும் கருவி அது. பின்னணியிலும் உடுப்பிலும் தாராளமாகப் பாவிக்கலாம். முகத்தில் கவனம் தேவை: கன்னத்துக் கரும்புள்ளி பூஞ்சணமா மச்சமா என்று வீட்டில் மூத்தவர் ஒருவரைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள். முகத்தைத் திருப்பிக் காட்டும் 'ஹெட் போஸ்' கருவியை விட்டுவிடுங்கள். அது வரையும் கருவி. முடித்ததும் மூலத்தின் மேல் சேமிக்காமல் பிரதியாகச் சேமிக்க வேண்டும். அமைப்புகளுக்குள் போய்ப் படத்தின் தரத்தை 100 வீதமாக வைப்பதும் நல்லது.

ஐபோன், ஐபாட் வைத்திருப்போருக்கு அதிலேயே உள்ள போட்டோஸ் செயலி போதுமான அளவு செய்யும். எப்போது வேண்டுமானாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம் என்பதே அதன் பெரிய நன்மை. அடோபியின் லைட்ரூமும் அப்படித்தான், மூலத்தைத் தொடாது. ஆனால் சில கருவிகளுக்குச் சந்தா கட்ட வேண்டும், கணக்கும் திறக்க வேண்டும். ஒரு குடும்பத்தின் பத்துப் படங்களுக்காக அது வேண்டியதில்லை என்பது என் எண்ணம். நூற்றுக்கணக்கில் செய்யும் ஊர் நூலகத்துக்கோ பாடசாலைக்கோ பொருந்தும்.

ரப்லெட்டா தொலைபேசியா என்றால், எடுப்பதற்குத் தொலைபேசி, திருத்துவதற்கு ரப்லெட். மலிவு ரப்லெட்டுகளின் கமரா பெரும்பாலும் மோசம். ஆனால் பெரிய திரையில் கீறலைத் தொடுவது எளிது, வயதானவர்களும் கூட இருந்து பார்க்கலாம்.

வரையும் செயலிகளை அறவே தொடக்கூடாது என்று சொல்லவில்லை. ரெமினி, மைஹெரிட்டேஜ் போன்றவையும், 2025இலிருந்து பலரும் பாவிக்கும் சட்ஜிபிரி, ஜெமினி ஆகியவையும் சுவரில் மாட்ட ஒரு படத்தை உருவாக்கித் தரும். படத்தில் உள்ளவரைக் கண் சிமிட்டி அசையவைக்கும் 'டீப் நொஸ்டால்ஜியா'வை 2021இல் மைஹெரிட்டேஜ் வெளியிட்டபோது, போலிக் காணொளிகளுக்கு இடங்கொடுக்கக் கூடாது என்று பேச்சைச் சேர்க்காமல் விட்டது. இறந்த பிள்ளை அசைவதைப் பார்ப்பது ஒரு தாய்க்கு ஆறுதலா வதையா என்பதை அந்தத் தாயிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டுச் செய்யுங்கள். திடீரெனக் காட்டி மகிழ்விக்கும் விடயம் அல்ல இது. அப்படி உருவாக்கிய படத்தின் கீழேயும் கோப்பின் பெயரிலும் 'கணினியால் வரையப்பட்டது' என்று எழுதுங்கள். அலுவலகத்துக்கோ, சட்டத்தரணிக்கோ, ஊடகத்துக்கோ அந்தப் படம் போகக்கூடாது. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் உட்பட எங்கே படம் கொடுத்தாலும் கை வைக்காத பிரதியைக் கொடுங்கள். துலக்கிய படமும் வேண்டுமென்றால் அதை இரண்டாவதாக, அப்படியே சொல்லிக் கொடுங்கள்.

படம் எங்கே போகிறது

வரையும் செயலிகளில் அநேகமானவை படத்தை வெளிநாட்டுச் சேவையகத்துக்கு அனுப்பித்தான் வேலை செய்கின்றன. எங்களுக்கு இது மற்றவர்களுக்கு இருப்பதைவிடப் பாரமான விடயம். சீருடையில் உள்ள படம், பின்னணியில் கொடியுள்ள படம், இன்றும் ஊரில் வாழும் ஒருவர் அருகில் நிற்கும் குழுப்படம் எல்லாம் எங்கள் அல்பங்களில் உண்டு. முகநூலில் படங்களைப் பகிர்ந்ததற்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஆட்கள் கைதான நாடு இது. அப்படியான படத்தைத் தொலைபேசிக்குள்ளேயே வேலை செய்யும் செயலியில் மட்டும் திருத்துங்கள். தொடங்கும் முன் டேட்டாவையும் வைபையையும் நிறுத்திவிட்டுப் பாருங்கள். அப்போதும் ஒரு கருவி வேலை செய்தால், அது அந்த வேலையைத் தொலைபேசிக்குள்ளேயே செய்கிறது என்று அறியலாம். ஆனால் கூகிள் போட்டோஸ் போன்றவை தானாகப் பிரதி ஏற்றும் வசதியைத் தனியாக நிறுத்த வேண்டும், இல்லையேல் இணையம் வந்ததும் படம் போய்விடும். குழுப்படத்தை எவருக்கும் அனுப்ப முன், உயிரோடு இருப்பவர்களின் முகங்களை வெட்டிய பிரதி ஒன்றை உருவாக்குங்கள்.

கனடாவிலோ சுவிசிலோ இருக்கும் சகோதரருக்கு அனுப்பும்போது வட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். 'டொக்கியுமென்ட்' என்ற வழியால் அனுப்பினால் மூலம் அப்படியே போகும். ஆனால் எடுத்த இடத்தின் விபரமும் சேர்ந்து போகலாம், ஆகவே கமராவில் இடக்குறிப்பை முதலிலேயே நிறுத்திவிடுங்கள்.

பிரதிகள் மூன்று இடங்களில் இருக்கட்டும்: தொலைபேசியில் ஒன்று, யுஎஸ்பியில் ஒன்று, வெளியூர் உறவினர் ஒருவரிடம் ஒன்று. கூகிளின் இலவச இடம் 15 ஜிபிதான், 2021 ஜூன் முதல் படங்களும் அந்தக் கணக்கில் சேர்கின்றன. குடும்பத்தார் விரும்பினால் 2005இல் தொடங்கிய நூலக நிறுவனத்தின் 'ஆவணகம்' போன்ற பல்லூடகக் களஞ்சியங்களோடும் பேசிப் பார்க்கலாம். கோப்பின் பெயரில் ஆளின் பெயர், ஊர், படம் எடுத்த ஆண்டு மூன்றையும் எழுதுங்கள். பழைய தாள் படத்தை எறிந்துவிடாமல், பிளாஸ்ரிக் பையில் அல்லாது காகித உறையில், சுவரின் ஈரம் படாத அலுமாரித் தட்டில் வையுங்கள்.