பிரிச்சுப் போட்டானா? திட்டாதீங்க!

ரிமோட் கார் வாங்கிக் கொடுத்து எத்தனை நாளில் உங்கள் பையன் அதைக் கழற்றிப் போட்டான்? நாலு நாள் தாங்கியிருந்தால் அதிகம். முதுகில் ஒன்று வைப்பதற்கு முன்னால் இந்தக் கதையைக் கேளுங்கள்.

வருடம் 1898. நியூயார்க், மேடிசன் ஸ்கொயர் கார்டன். தொட்டித் தண்ணீரில் ஒரு சின்ன இரும்புப் படகு. கரையில் நிகோலா டெஸ்லா, கையில் ஒரு பெட்டி. இடையில் ஒயர் கிடையாது. அவர் திருப்பினால் படகு திரும்புகிறது. விளக்கு எரிகிறது, அணைகிறது. கூட்டம் வாயைப் பிளந்தது. உள்ளே பழக்கிய குரங்கு இருக்கிறது என்றுகூடச் சந்தேகப்பட்டார்களாம்! உள்ளே இருந்தது ரேடியோ அலையை வாங்கிக்கொள்ளும் கருவி. அதே வருடம் நவம்பரில் பேட்டன்ட்டும் கிடைத்தது. உங்கள் வீட்டு ரிமோட் காருக்கு அந்தப் படகுதான் கொள்ளுத் தாத்தா.

சரி, அது எப்படி சாமானியன் வீட்டுக்குள் வந்தது? விலை இறங்கியதால்தான். எலெக்ட்ரானிக் விளையாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுபதுகளில் கால்குலேட்டர் கம்பெனிகள் போட்டி போட்டு விலையைக் குறைத்ததில், அதன் சிப்பும் திரையும் மலிந்து போயின. நின்டெண்டோவில் வேலை பார்த்த குன்பே யோகோய் அவற்றை வைத்தே 1980-ல் 'கேம் அண்ட் வாட்ச்' என்ற கையடக்க விளையாட்டைச் செய்தார். புத்தம்புது டெக்னாலஜிக்கு அலையாதே, மலிந்த சரக்கைப் புதுவிதமாகப் பயன்படுத்து... இதுதான் அவர் கணக்கு. காமர்ஸ் படித்த எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும்.

இப்போது நம்ம பொத்தேரிக்கு வாங்க. ஸ்டேஷனை ஒட்டியே எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகம். அங்கே மாணவர்கள் சேர்ந்து செய்த 'எஸ்.ஆர்.எம்.சாட்' என்ற குட்டி சாட்டிலைட், 2011 அக்டோபர் 12-ம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-18 ராக்கெட்டில் ஏறிப் போனது. எடை பதினோரு கிலோகூட இல்லை. உயரமோ எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல்! தத்துவம் என்னவோ அதே படகுதான். கீழேயிருந்து அலையில் கட்டளை, மேலே அதை வாங்கிக்கொள்ள ஒரு ரிசீவர்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சிறுவயதில் மாமா சிங்கப்பூரிலிருந்து ஒரு வீடியோ கேம் வாங்கி வந்தார். 'விலை ஜாஸ்தி, தொடாதே' என்று அப்பா பீரோவில் வைத்துப் பூட்டினார். அது இன்றும் புதுசு போல இருக்கிறது. நான்தான் இன்றுவரை ஃப்யூஸ் போட ஆள் கூப்பிடுகிறேன்.

காஸ்ட்லி பொம்மை பீரோவுக்குப் போகும். மலிவான பொம்மைதான் பிள்ளையின் கைக்குப் போகும். அடுத்த தடவை சும்மா பேட்டரியில் ஓடுகிற சாதாரண கார் ஒன்றை வாங்குங்கள்.

கூடவே ஒரு ஸ்க்ரூ டிரைவரும்!