தானுந்துகளின் ஆயுட்காலம்

தானுந்தின் ஆயுட்காலம் என்பது ஒரு கார் ஓடத் தொடங்கியது முதல், இனிப் பழுதுபார்ப்பது கட்டுப்படியாகாது எனக் கைவிடப்படும் வரையிலான காலம் ஆகும். இது ஆண்டுகளிலும் கிலோமீட்டர்களிலும் அளக்கப்படுகிறது. பழைய கார்களே உறுதியானவை என்ற கருத்து பரவலாக உள்ளது. எனினும், பெரிய பழுதின்றி ஓடும் தொலைவைக் கொண்டு பார்த்தால் இக்காலக் கார்களே கூடுதலாக உழைக்கின்றன.

பழைய கார்கள்

மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் தயாரிக்கப்பட்ட அம்பாசடர், பிரித்தானிய மோரிசு ஆக்சுபோர்டு காரை அடிப்படையாகக் கொண்டது. இதன் உற்பத்தி 2014 இல் நிறுத்தப்பட்டது. இவ்வகைக் கார்கள் பல பத்தாண்டுகள் ஓடியதற்கு எளிய கட்டமைப்பு முதன்மைக் காரணமாகும். பிசுடன் வளையம் மாற்றுதல், சிலிண்டரைக் கடைந்து சீராக்குதல் போன்ற வேலைகளைச் சிற்றூர்ப் பட்டறைகளிலேயே செய்ய முடிந்தது. உரிமக் கட்டுப்பாட்டுக் காலத்தில் புதிய கார் எளிதில் கிடைக்காமையும் பழையதைப் பேணும் தேவையை ஏற்படுத்தியது. எனவே அக்கார்களின் நீண்ட ஆயுளில் மெக்கானிக்குகளின் பங்கு பெரிது.

ஆயுள் கூடியதற்கான காரணங்கள்

* எரிபொருள் உட்செலுத்தல்: கார்புரேட்டரில் மிகுதியாகச் சேரும் பெட்ரோல், சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவித் தேய்மானத்தைக் கூட்டியது. மின்னணுக் கட்டுப்பாடு இதனைக் குறைத்தது.
* ஈயமற்ற பெட்ரோல்: 2000 ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் நடைமுறைக்கு வந்தது. இதனால் தீப்பொறிச் செருகிகளில் படிவு குறைந்தது.
* துரு தடுப்பு: துத்தநாகம் பூசிய எஃகு, மின்முறை அடிப்பூச்சு ஆகியன உடற்பகுதியின் ஆயுளை நீட்டித்தன.
* எண்ணெய்: மேம்பட்ட எண்ணெய்கள் உந்துபொறியின் தேய்மானத்தைக் குறைத்தன.

ஐக்கிய அமெரிக்காவில் 2024 இல் சாலையில் ஓடிய வாகனங்களின் சராசரி வயது 12.6 ஆண்டுகளாக இருந்தது.

வேலூர் - ஆம்பூர் பகுதி

இராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய தோல் தொழில் நகரங்கள் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளன. கடலிலிருந்து விலகியிருப்பதால் உப்புக் காற்றால் துருப்பிடித்தல் இங்கு குறைவு. ஆனால் கோடையில் 40 பாகை செல்சியசைக் கடக்கும் வெப்பம் மின்கலம், டயர், இரப்பர்க் குழாய்கள் ஆகியவற்றின் ஆயுளைக் குறைக்கிறது. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓடும் கார், நகர நெரிசலில் அதே தொலைவு ஓடும் காரைவிடக் குறைவாகத் தேயும்.

சட்ட வரம்பு

மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன்படி சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் தகுதி ஆய்வு செய்து புதுப்பிக்கலாம். 2021 இல் அறிமுகமான வாகன அழிப்புக் கொள்கை, தகுதியற்ற வாகனங்களைக் கழிக்க ஊக்கமளிக்கிறது. பழைய வாகனங்களின் புகையும், காற்றுப்பை போன்ற பாதுகாப்பு வசதிகள் இன்மையும் இதற்கான காரணங்களாகும். ஆகவே ஓடக்கூடிய கார் எல்லாம் ஓட்டத் தகுந்த கார் ஆகாது.