எல்லையோரத்து டாக்டர் கனவு

பெண்ணுக்கு அடுத்த வருஷம் காலேஜ். டாக்டராக வேண்டுமாம். ஆகட்டும். எந்த யூனிவர்சிட்டி என்பதில்தான் இரண்டு மாதமாக வீட்டில் சாப்பாட்டு மேஜை யுத்தம். நாங்கள் இருப்பது டெக்ஸாஸில், டாலஸ் பக்கம். தனியார் கல்லூரிக் கட்டணத்தைப் பார்த்தவுடனேயே அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன். மிச்சம் இருப்பவை அரசுப் பல்கலைக்கழகங்கள். அம்மணிக்கு ஆஸ்டின்தான் வேண்டும். ஃபுட்பால், பாட்டு, கூட்டாளிகள். அவள் அம்மாவுக்கு, வீட்டிலிருந்து அரைமணி நேரத்தில் இருக்கும் டாலஸ் வளாகம். "ப்ரீ-மெட் எங்கே படித்தாலும் அதே கெமிஸ்ட்ரிதானே?" என்று நான் சொல்லி, இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன் :-)

அந்தச் சண்டைக்கு நடுவில் பெண் கேட்டாள்: "உங்க வீட்ல யாருமே டாக்டர் இல்லையாப்பா?"

ஆகியிருக்க வேண்டியவர் ஒருத்தர் உண்டு, பெரியப்பா. அவர் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் ஊர் இருக்கும் இடத்தைச் சொல்லியாக வேண்டும்.

ஆனேக்கல். பெங்களூரிலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டர். இன்னொரு பக்கம் பஸ் ஏறினால் அத்திப்பள்ளி, எல்லையைத் தாண்டினால் ஓசூர். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், சந்தையில் தெலுங்கு. மூன்றும் கலந்து திட்டினால்தான் எங்களுக்குக் கோபம் தீரும். வெள்ளைக்காரன் காலத்தில் ஆனேக்கல் மைசூர் மகாராஜாவின் சீமை. ஓசூர் மதராஸ் மாகாணத்தின் சேலம் ஜில்லா.

ராஜா வேறு, சர்க்கார் வேறு. ஆனால் படிப்புக்கு அந்தக் கோடு அப்போது குறுக்கே வரவில்லை. அதற்கு நல்ல சாட்சி ராஜாஜி. 1878-ல் ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்தவர், ஓசூரில் பள்ளி முடித்துவிட்டுக் கல்லூரிக்குப் போனது பெங்களூர் சென்ட்ரல் காலேஜுக்கு. அது மைசூர் அரசின் கல்லூரி. ஆனால் இணைந்திருந்தது மதராஸ் பல்கலைக்கழகத்தோடு. பிறகு சட்டம் படிக்க மதராஸுக்குப் போனார். பெங்களூரில் படித்தவனை அங்கே யாரும் வெளியூர்க்காரன் என்று தள்ளவில்லை. பல்கலைக்கழகம் ஒன்றுதானே!

1916-ல் மைசூர் பல்கலைக்கழகம் பிறந்தது. பிரிட்டிஷ் ஆட்சிக்கு வெளியே இந்தியாவில் தோன்றிய முதல் பல்கலைக்கழகம் என்று எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள். பெருமைதான், மறுக்கவில்லை. சென்ட்ரல் காலேஜ் அதன் கீழ் வந்தது. 1924-ல் பெங்களூரிலேயே மருத்துவக் கல்லூரி தொடங்கினார்கள், 1930-ல் அதை மைசூருக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு முன்பெல்லாம் மைசூர்ப் பையன் டாக்டராக வேண்டுமென்றால் மதராஸுக்கோ பம்பாய்க்கோதான் மூட்டை கட்ட வேண்டும். இனி சொந்தச் சீமையிலேயே படிக்கலாம். வசதி வந்தது, கூடவே நம் கல்லூரி, அவர்கள் கல்லூரி என்கிற பேச்சும் வந்தது.

இங்கே ப்ரீ-மெட் என்கிற சமாச்சாரத்தைப் பற்றிக் கொஞ்சம். அமெரிக்காவில் 1910-ல் ஃப்ளெக்ஸ்னர் என்பவர் ஓர் அறிக்கை கொடுத்தார். மருத்துவம் படிக்கிறவன் அதற்கு முன் குறைந்தது இரண்டு வருஷமாவது கல்லூரியில் அறிவியல் படித்திருக்க வேண்டும் என்றார். இப்போது அது நாலு வருஷப் பட்டமாகவே ஆகிவிட்டது. நம் ஊரில் அந்த இடத்தில் இருந்தது இண்டர்மீடியட். அதைத் தூக்கிவிட்டு ஒரு வருஷ பியூசி வைக்கச் சொன்னது 1952-53-ன் முதலியார் கமிஷன். தலைவர் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார், பிரசவ மருத்துவத்தில் பெரிய கை, 27 வருஷம் மதராஸ் பல்கலைக்கழகத் துணைவேந்தர். டாக்டர் என்பதாலோ என்னவோ, பியூசிக்கு மேல் தொழிற்கல்விக்கென்று தனியாக ஒரு வருஷ முன்படிப்பும் வேண்டும், முடிந்தால் அந்தந்தக் கல்லூரியிலேயே நடத்துங்கள் என்றும் அந்த அறிக்கை சொன்னது. கிட்டத்தட்ட நம்ம ஊர் ப்ரீ-மெட்! தமிழ்நாடு 1978-ல் ப்ளஸ் டூவுக்குப் போய்விட்டது. கர்நாடகம் மட்டும் இரண்டு வருஷமாக்கியும் பியூசி என்ற பெயரை விடவில்லை. தமிழ்நாட்டு நண்பர்களிடம் "நான் பியூசி" என்று சொன்னால் என் வயசை எழுபது என்று நினைக்கிறார்கள்.

சரி, பெரியப்பா. தாத்தாவுக்கு ஆனேக்கலில் சின்ன மளிகைக்கடை. வீட்டில் ஏழு பிள்ளைகள். மூத்தவரை ஆறு வயசில் ஓசூருக்குப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு வாய் குறையுமே. எஸ்எஸ்எல்சி வரை அங்கேதான். பிறகு பியூசிக்குப் பெங்களூர். 1970-ல் முடித்தார், நல்ல மார்க்.

அந்த ஹாஸ்டல் வருஷத்தைப் பற்றி ஆரம்பித்தால் பெரியப்பா நிறுத்தமாட்டார். ரூமில் நாலு பேர், நாலு பாஷை. ஞாயிற்றுக்கிழமை லால்பாக் வரை நடை. ராகி முத்தையை மெல்லாமல் விழுங்கக் கற்றுக்கொடுத்த மண்டியா நண்பர். அந்த நண்பர் டாக்டராகி ரிட்டயரும் ஆகிவிட்டார், இன்றைக்கும் பண்டிகைக்குப் பண்டிகை போன் வரும்.

பெரியப்பாவுக்கு மட்டும் என்ன ஆயிற்று? மைசூர் அரசு அப்போது வைத்திருந்த விதி: எம்.பி.பி.எஸ்.ஸுக்கு இட்டுச்செல்லும் வகுப்பில் சேர, மாநிலத்தில் குறைந்தது பத்து வருஷம் வசித்திருக்க வேண்டும். ஆறும் ஒன்றும் ஏழு. பிறந்த ஊர் ஆனேக்கல், அப்பா ஆனேக்கல், கடை ஆனேக்கல். ஆனால் வருஷக்கணக்கு மூன்று குறைந்தது. இதே விதியை எதிர்த்து வசுந்தரா என்ற மாணவி உச்ச நீதிமன்றம் வரை போனார். 1971-ல் விதி செல்லும் என்று தீர்ப்பு. எங்கள் தாத்தா கோர்ட் வாசலையே மிதிக்காதவர், பெரியப்பா பேசாமல் பி.எஸ்ஸி. சேர்ந்துவிட்டார்.

தமிழ்நாட்டுப் பக்கம் முயன்றிருக்கலாமே என்று நானும் ஒருமுறை கேட்டேன். "அங்கே போனா அப்பா அட்ரஸ் ஆனேக்கல், இங்கே வந்தா பள்ளிக்கூட சர்ட்டிபிகேட் ஓசூர். எந்தப் பக்கம் போகச் சொல்றே?" என்றார். அந்தப் பக்கமும் நிலைமை சுகமில்லை. மருத்துவ இடங்களை ஜில்லாவாரியாகப் பிரித்துக் கொடுத்ததை 1968-ல்தான் உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. அடுத்து யூனிட் யூனிட்டாகப் பிரித்தார்கள், 1970-ல் அதுவும் போயிற்று. நேர்முகத்துக்கு மட்டும் 75 மார்க் ஒதுக்கியிருந்தது அதிகம் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது.

எனக்கு ஆச்சரியமான விஷயம் இதுதான். இந்தியாவின் இட ஒதுக்கீட்டுச் சட்டத்தின் அஸ்திவாரமே எங்கள் எல்லைக்கோட்டின் இரண்டு பக்கத்து மருத்துவ சீட்டுகளிலிருந்து வந்ததுதான். கிழக்கே, செண்பகம் துரைராஜன் மதராஸின் கம்யூனல் ஜி.ஓ.வை எதிர்த்துப் போட்ட வழக்கு. 1951-ல் தீர்ப்பு, அதே வருஷம் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம், 15(4). மேற்கே, மைசூர் அரசு மருத்துவ, பொறியியல் இடங்களில் 68 சதவீதம் ஒதுக்கியதை எதிர்த்த பாலாஜி வழக்கு. 1962 தீர்ப்பு, 50 சதவீதப் பேச்சு அதிலிருந்துதான். ஜாதிக் கணக்கைப் பற்றி எழுபது வருஷமாக எல்லோரும் பேசுகிறோம், எழுதுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் வசிப்பிடக் கணக்கு என்று ஒன்று பக்கத்திலேயே சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது, அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. எல்லையில் பிறந்தவனுக்குத்தான் தெரியும்.

1984-ல் பிரதீப் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லா இடத்தையும் உள்ளூர்க்காரனுக்கே வைத்துக்கொள்ளாதே என்றது. இன்றைக்கு அரசுக் கல்லூரி எம்.பி.பி.எஸ். இடங்களில் 15 சதவீதம் அகில இந்தியாவுக்குப் போவது அதன் வழியாக வந்ததுதான். மேற்படிப்பில் வசிப்பிட ஒதுக்கீடே கூடாது என்று 2025 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. எம்.பி.பி.எஸ்.ஸில் மாநில ஒதுக்கீடு அப்படியே இருக்கிறது. நீட் வந்து பரீட்சை ஒன்றாகிவிட்டது. ஆனாலும் அரசு ஒதுக்கீட்டுக்கு, ஏழு வருஷம் இங்கே படித்தாயா என்று கர்நாடகம் கேட்கிறது. பத்து ஏழாகியிருக்கிறது. பெரியப்பாவின் ஏழு செல்லாது, அவருடையது வேறு ஏழு!

இதையெல்லாம் பெண்ணிடம் சொன்னபோது "தட்ஸ் ஸோ அன்ஃபேர்" என்றாள். உடனே எங்கள் டெக்ஸாஸைக் காட்டினேன். இங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரிகள் வெளிமாநிலத்தாரைப் பத்து சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது. இதுவும் கோடுதான். இந்த முறை நாம் கோட்டுக்கு உள்ளே நிற்கிறோம், அதனால் கண்ணுக்குத் தெரியவில்லை. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ நான் டெக்ஸாஸை விட்டுப் போகக்கூடாது. ஸோ, ஆஸ்டின்!" என்றாள். வக்கீலுக்குப் படிக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆஸ்டின்தான் முடிவாயிற்று. பெரியப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். சந்தோஷப்பட்டார். ஹாஸ்டல் சாப்பாடு எப்படி, ரூமில் எத்தனை பேர் என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"ஏம்ப்பா, நீங்க அந்த ஊருக்குப் போய் பத்து வருஷம் ஆயிடுச்சில்லே? வீட்டு ரசீதெல்லாம் பத்திரமா எடுத்து வெச்சிருக்கியா?"