கல்லில் வெட்டிய கழித்தல் கணக்கு

தஞ்சைப் பெரிய கோயில் சுவர்களில் ராஜராஜ சோழன் பொறிக்கச் செய்த ஊர்ப்பட்டியலைப் படிக்கப் பொறுமை வேண்டும். கோயிலுக்கு நெல் அளக்க வேண்டிய ஊர்கள் அவை. முதலில் ஊரின் மொத்த நிலம் வரும். பிறகு குடியிருப்பு, குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், சுடுகாடு என வரி இல்லாத இடங்களைத் தள்ளுவார்கள். மிஞ்சிய நிலத்துக்குத்தான் வரி. தள்ளுவது, மிஞ்சுவது இரண்டுமே முழு எண்ணில் நிற்பதில்லை; முக்கால், இரண்டு மா, அரைக்காணி, முந்திரிகை என்று வால் நீளும்.

இன்றைய மாணவரைத் திணறடிக்கும் கணக்கு இது. பகுதி வேறு வேறான பின்னங்களில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிப்பது எப்படி? தமிழ்க் கணக்கர் இதற்குக் கண்ட வழி, பொதுப் பகுதியை ஒரே தடவையில் முடிவு செய்துவிடுவது. 320 என்பதே அந்த எண். அதில் ஒரு பங்கு முந்திரி, அதாவது முந்திரிகை. காணிக்கு 4 முந்திரி, மாவுக்கு 16, மாகாணிக்கு 20, அரைக்காலுக்கு 40, காலுக்கு 80. கால் வேலி நிலத்தில் மும்மா போனால்? எண்பதில் நாற்பத்தெட்டு போக முப்பத்திரண்டு முந்திரி, அதாவது இருமா. அரைக்காலில் முக்காணி போனால் 28 முந்திரி. மாவும் முக்காணியும் மிச்சம்.

திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடி என்ற வாய்ப்பாட்டை உருப்போட்டது இதற்காகத்தான். மனப்பாடம் என்று இளக்காரமாகச் சொல்வது எளிது. ஆனால் வயல் வரப்பில் நின்றபடி விடை சொல்ல வேண்டிய கணக்குப்பிள்ளைக்கு அதைவிட நல்ல கருவி கிடையாது.

முந்திரியும் போதாத இடத்தில் அதையே மறுபடி 320 கூறாக்கினார்கள். அது கீழ்முந்திரி, 1,02,400இல் ஒன்று. கல்வெட்டுகள் இன்னும் கீழே இறங்கி, வேலியை 5,242 கோடியே 88 லட்சம் பங்காக்கி அதில் ஒரு பங்கு வரை போகின்றன. ஒரு வேலி ஏறத்தாழ ஆறரை ஏக்கர் என்று கொண்டால் அந்தப் பங்கு ஒரு சதுர மில்லிமீட்டர்கூடத் தேறாது. அளவுகோலை வைத்து யாரும் அதை அளந்திருக்க முடியாது. பெருக்கியும் கழித்தும் வந்த மிச்சத்தைக் கணக்கர் விட்டுவிட மனமில்லாமல் எழுதியது அது.

இந்த முறைக்கு ஓர் ஓட்டை உண்டு. 320ஐ இரண்டாலும் ஐந்தாலும் வகுக்கலாம். மூன்றால் மீதியின்றி வகுக்க முடியாது. மூன்றில் ஒரு பங்கு முந்திரிக் கணக்கில் சரியாக அடங்காது.

எந்தப் பகுதிக்கும் பொருந்தும் விதியை வடமொழிக் கணித நூல்கள் வைத்திருந்தன. 628இல் பிரமகுப்தர் எழுதிய நூலில், ஒன்றின் பகுதியால் மற்றதன் தொகுதியையும் பகுதியையும் பெருக்கச் சொல்லும் வழி இருக்கிறது. ஆறில் ஒன்றிலிருந்து பத்தில் ஒன்றைக் கழிக்க, இப்படிப் பெருக்கினால் பகுதி 60 ஆகிவிடும். ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், 850ஐ ஒட்டி 'கணித சார சங்கிரகம்' எழுதிய சமணர் மகாவீரர், மீச்சிறு பொது மடங்கைக் கண்டுபிடித்து வேலையைச் சுருக்கச் சொன்னார். 30 போதும், ஐந்தில் மூன்று போக இரண்டு, சுருக்கினால் பதினைந்தில் ஒன்று. இந்த நூலை ம. ரங்காசாரியார் பதிப்பிக்க, ஆங்கில மொழிபெயர்ப்போடு 1912இல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்டது.

எண் இருந்த இடத்தில் எழுத்து வந்ததும் முந்திரி கைவிட்டுவிடுகிறது. 1/அ என்பதிலிருந்து 1/(அ+1) என்பதைக் கழிக்க 320 எதற்கும் உதவாது. அ எவ்வளவு என்றே தெரியாதபோது, பகுதிகளைப் பார்த்துத்தான் பொது மடங்கை அமைக்க வேண்டும். இங்கே அது அ(அ+1). தொகுதியில் (அ+1) கழித்தல் அ, அதாவது 1. விடை 1/(அ(அ+1)).

நிலத்துக்கு 320 போல வசதியான எண் வேறில்லை. இயற்கணிதத்துக்கு மகாவீரர் வழிதான். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு மாணவர்கள் விகிதமுறு கோவைகளை இன்றும் அந்த வழியில்தான் கழிக்கிறார்கள்.