முள் பழகுமா?

புதுப் பேனாவின் முள் பழக வேண்டும், பழகியதை இரவல் தரக்கூடாது என்ற எச்சரிக்கையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இது எங்கிருந்து வந்தது?

இறகு பழகுவதற்குள் மழுங்கிவிடும், மறுபடி சீவவேண்டும். 19ஆம் நூற்றாண்டில் பர்மிங்ஹாம் பட்டறைகள் அச்சில் அடித்துத் தள்ளிய எஃகு முட்களில் துருப்பிடிக்காதிருக்க ஒரு பூச்சு இருந்தது. அதில் மை நிற்காது. நாக்கில் வைத்து எடுத்தவர்களுண்டு, சுடரில் காட்டியவர்களுண்டு. முள்ளைப் பழக்குவது அன்று மெய்யாகவே ஒரு காரியம். ஆனால் பழகிய எஃகை அமில மை அரித்தது. தங்கத்தை மை அரிக்காது, காகிதம் தேய்த்துவிடும்.

பிளாட்டினத்தை அமிலத்தில் கரைத்தபின் எஞ்சிய கறுப்புப் பொடியில், 1803இல், ஸ்மித்சன் டென்னன்ட் கண்டெடுத்த உலோகம் இரிடியம். ஆஸ்மியத்தோடு கலந்தே பூமியில் கிடைக்கும் அதைத் தங்க முள்ளின் நுனியில் 1834இல் பொருத்தியவர் ஜான் ஐசக் ஹாக்கின்ஸ். (நிமிர்ந்து நிற்கும் பியானோ செய்தவரும் இவரே.) பின்னால் வந்த ஊற்றுப் பேனாக்கள் இந்தக் கடின நுனியைச் சுவீகரித்துக்கொண்டன.

இது சில வாரங்களில் காகிதத்துக்குப் பணிந்துவிடும் என்று நம்புவது கஷ்டம். அந்த வாரங்களில் மாறுவது வேறு: பட்டறை எண்ணெய் மையோடு போகிறது, கை தன் சாய்வைக் கண்டுகொள்கிறது. பல வருஷம் ஒரே சாய்வில் எழுதினால்தான் நுனியில் மெல்லிய தட்டை விழும்; பிறர் கையில் அதன் விளிம்பு உரசும். இரவல் தராதே என்றவர்கள் முழுப்பொய் சொல்லவில்லை. ஆனால் வாங்கிய அன்றே காகிதத்தைக் கீறும் முள்ளைப் பழகட்டும் என்று வைத்திருப்பது வீண். பிளவின் இரு பக்கமும் பெரும்பாலும் ஒரே மட்டத்தில் இருக்காது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் தெரியும்.