அடிக்கவும் வேண்டும், அடிபடவும் கூடாது!

சங்ககிரி மலைக்கோட்டை என்றதும் சேலம், நாமக்கல் பக்கத்துக்காரர்களுக்கு நினைவுக்கு வருபவர் தீரன் சின்னமலை. ஆங்கிலேயக் கம்பெனியை எதிர்த்துப் போரிட்ட அவர் 1805 ஜூலை 31 அன்று இங்கேதான் தூக்கிலிடப்பட்டார். அந்தக் காலத்தில் ஆயுதம் பழகியவர்களுக்கு நோக்கம் ஒன்றுதான்: களத்திலிருந்து உயிரோடு திரும்புவது.

அதற்கு முன்பே, 1801 டிசம்பரில், கம்பெனி அரசு ஓர் அறிவிப்பை வெளியிட்டிருந்தது. கோட்டைகளை இடிக்க வேண்டும், பாளையக்காரர்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்றது அது. காலப்போக்கில் போர்க்களங்கள் மறைந்தன. ஆனால் கம்பு மறையவில்லை. கோயில் திருவிழாவிலும் பொங்கல் விளையாட்டிலும் சிலம்பம் தொடர்ந்தது.

இங்கேதான் ஒரு சிக்கல். களத்தில் எதிரே நிற்பவன் எதிரி. பயிற்சியில் எதிரே நிற்பவன் நம் ஊர்க்காரன், நாளையும் நம்மோடு கம்பு பிடிக்க வேண்டியவன். ஓங்கி அடித்தால் அவன் மண்டை உடையும். பயந்து பயந்து அடித்தால் இருவருக்குமே தடுக்கத் தெரியாமல் போகும்!

சிலம்பம் இதற்கு அழகான வழி வைத்திருக்கிறது. எடுத்த எடுப்பிலேயே சண்டை கிடையாது. முதலில் காலடி, பிறகு தனியாக வீச்சு, அதன் பிறகுதான் ஜோடி. கம்பும் அவரவர் நெற்றி உயரத்துக்கு அளந்து எடுப்பது. போட்டியில் 'தொடுமுறை' என்று ஒன்று உண்டு. கம்பு உடலில் பட்டாலே புள்ளி, எலும்பை உடைக்க வேண்டியதில்லை. கம்பு நுனியில் சாயம் பூசி, உடம்பில் விழுந்த பொட்டுகளை எண்ணும் பழைய முறையும் இதே யோசனைதான். வேகம் முழுதாக இருக்கலாம், பலத்துக்கு மட்டும் கடிவாளம்.

ஜப்பானியர்களுக்கும் இதே சிக்கல் வந்தது. 18ஆம் நூற்றாண்டில் வாள் பழகியவர்கள் மூங்கில் வாளையும் கவசத்தையும் கொண்டு வந்தார்கள். 1882இல் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, ஆபத்தான அடிகளைச் செய்முறை வரிசைகளுக்கு மட்டும் ஒதுக்கினார். மற்ற பிடிகளையும் வீழ்த்தல்களையும் மாணவர்கள் முழு மூச்சோடு பழக முடிந்தது.

கவனித்தீர்களா? பாதுகாப்பு வீரத்தைக் குறைக்கவில்லை, வளர்த்திருக்கிறது! எல்லை எது என்று தெரிந்த பிறகுதான் தயங்காமல் வீச முடிகிறது.

சிலம்பம் இன்று விளையாட்டாக வளர்ந்துவிட்டது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் செயல்விளக்க விளையாட்டாகவும் இடம்பெற்றது. மேடையில் கம்பு சுற்றுவது பார்க்க அழகுதான். ஆனால் எதிரே ஓர் ஆள் நின்றால்தான் அது தற்காப்புக் கலை. அந்த ஆளுக்கு நாம் தர வேண்டியவை இரண்டு: உண்மையான அடி, உடையாத எலும்பு. அடிப்பது போல நடிப்பவன் நல்ல நண்பன் அல்ல. நிஜ ஆபத்து வரும் நாளில் அந்த நண்பனுக்குத் தடுக்கத் தெரியாது, அவ்வளவுதான்.