பழைய குட்டியானையின் உண்மை விலை

காய்கறிச் சந்தை, தண்ணீர் கேன் விநியோகம், கட்டுமானப் பணியிடம், வீடு மாற்றம் என்று நம் ஊர்களின் அன்றாட இயக்கத்தைச் சுமப்பவை சிறு சரக்கு வாகனங்கள்தான். 2005-இல் டாடா ஏஸ் அறிமுகமானபோது தமிழ்நாட்டு மக்கள் அதற்குக் 'குட்டியானை' என்று பெயர் சூட்டினர். 2011-இல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது; மஹிந்திரா உள்ளிட்ட நிறுவனங்களும் களத்தில் இறங்கின. இன்று அந்தப் பெயர் ஒரு நிறுவனத்தின் வண்டியை மட்டும் குறிப்பதில்லை.

புதிய வண்டிக்கான முன்பணம் இல்லாதவர்கள் நாடுவது பழைய வண்டியை. நகையை அடகு வைத்தும், கூடுதல் வட்டிக்குக் கடன் பெற்றும் அதை வாங்குபவர்களில் பலர் முதன்முறையாகச் சொந்தத் தொழிலில் இறங்கும் ஓட்டுநர்கள். அவர்களைக் கடனில் தள்ளுவது பெரும்பாலும் வண்டியின் விலை அன்று. வாங்கிய முதல் ஓராண்டில் வரும் பழுதுச் செலவுதான்.

பழைய கார் சந்தையில் விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாது என்பதை அடிப்படையாகக் கொண்டு 1970-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதியவர் அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் ஏகர்லாஃப். 2001-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. வகுப்பறையில் பல ஆண்டுகள் அக்கட்டுரையைக் கற்பித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்வேன்: அவர் காருக்குச் சொன்னது சரக்கு வாகனத்துக்கு இன்னும் கூர்மையாகப் பொருந்தும். காரை விற்பவர் புது மாடல் மீதான ஆசையிலும் விற்கக்கூடும். சம்பாதித்துக் கொடுக்கும் வண்டியை எவரும் ஆசைக்காக விற்பதில்லை. தகுதிச் சான்று (நம் ஊர் வழக்கில் எஃப்.சி.) புதுப்பிக்கும் நாள், காப்பீடு முடியும் நாள், நான்கு டயர்களும் தேய்ந்து மாற்றவேண்டிய நாள் ஆகிய மூன்றும் நெருங்கும்போதுதான் பல வண்டிகள் விற்பனைக்கு வருகின்றன. அடுத்த செலவை வாங்குபவர் தலையில் கட்டுவதே இதன் பொருள்.

பழுதுகளின் மூலகாரணம் ஒன்றே. அளவுக்கு மீறிய பாரம். தொடக்ககால ஏஸின் சுமைத்திறன் ஏறத்தாழ 750 கிலோ. அதில் ஒன்றரை டன் சிமென்டோ எம்-சாண்டோ ஏற்றுவதை நம் சாலைகளில் எங்கும் காணலாம். இரண்டு நடை கூலியை ஒரே நடையில் ஈட்டிவிட்டதாக உரிமையாளர் மகிழ்கிறார். அந்தக் கணக்கில் விடுபடுவது தேய்மானம். முதலில் கிளட்ச் பிளேட் தேயும். பிறகு பின்பக்க ஸ்பிரிங் பட்டை முறியும். சக்கர பேரிங், பிரேக், கடைசியாகக் கிரவுன் என்று பழுது ஒன்றன்பின் ஒன்றாக வரும். கிளட்ச் வேலை கூலியுடன் ரூ.5,000 முதல் ரூ.9,000 வரை ஆகலாம். கிரவுன் என்றால் அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். ஓடும்போது பின்னச்சிலிருந்து தொடர்ந்து ஊளையிடும் ஓசை வந்தால், விலை பேசுவதற்கு முன்பே அதைக் கணக்கில் சேர்த்துவிட வேண்டும்.

முன்சக்கர டயர் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தால் கிங்பின்னைச் சந்தேகிக்கலாம். விற்பவர் புது டயரைப் போட்டு இதை மறைத்துவிடுவதும் உண்டு. மற்றதெல்லாம் பழையதாக இருக்க முன் டயர்கள் மட்டும் புதியவை என்றால், அதுவே ஒரு தகவல்தான்.

பெரும் பணத்தை விழுங்குவது இன்ஜின். முதல் ஏஸில் இருந்தது இரண்டே சிலிண்டர்கள் கொண்ட 702 சிசி டீசல் இன்ஜின். திறன் 16 குதிரைசக்தி. எளிமையான அமைப்பு, தெருவோர மெக்கானிக்கும் பிரித்துப் பூட்டுவார். ஆனால் இவ்வளவு சிறிய இன்ஜினுக்குச் சூடுதான் முதல் எதிரி. கூலன்ட் வாங்கும் சில நூறு ரூபாயை மிச்சப்படுத்த ரேடியேட்டரில் ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றுகிறார்கள். உப்பு படிந்து நீர்வழி அடைபடுகிறது. சூடேறி ஹெட் கேஸ்கட் போகிறது. கவனிக்காமல் ஓட்டினால் சிலிண்டர் ஹெட்டே வளைகிறது. முழு இன்ஜின் வேலை என்றால் ரூ.40,000-க்குக் குறையாமல் எடுத்துவைக்க வேண்டும்.

இதைக் கண்டறியும் வழி எளிது. காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பார்க்க வேண்டும். 'இப்போதுதான் ஒரு நடை போய்வந்தேன்' என்று சூடான வண்டியைக் காட்டுபவரிடம் மறுநாள் வருவதாகச் சொல்லலாம். ஸ்டார்ட் செய்து ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென வருகிறதா என்று பார்ப்பார்கள். மெக்கானிக்குகள் இதைப் 'பேக் காம்ப்ரஷன்' என்பர். வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. நீலப்புகை ஆயில் எரிவதையும், ஓயாத வெண்புகை நீர் கசிவதையும் காட்டலாம். கிலோமீட்டர் மீட்டரை நம்புவதைவிடப் பெடல் ரப்பரின் தேய்மானத்தை நம்பலாம் என்பது என் கருத்து.

மீன் ஏற்றிய வண்டியானால் சேஸியின் அடியைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. உப்பு நீர் வடிந்து அரித்த சேஸிக்கு வெல்டிங் வைத்துப் பெயின்ட் அடித்திருப்பார்கள்.

2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 விதிகளுக்கு உட்பட்ட வண்டிகளில் சென்சார்கள் அதிகம். ஸ்கேனர் இல்லாத பட்டறையில் கோளாறு பிடிபடாது. பழைய வகை வண்டிகளுக்குச் சந்தையில் மவுசு குறையாததற்கு இதுவும் காரணம்.

பட்டறை ரசீதில் வராத செலவும் உண்டு. செலவுபோக நாளொன்றுக்கு ரூ.800 மிஞ்சும் வண்டி இன்ஜின் வேலைக்காகப் பத்து நாள் நின்றால் ரூ.8,000 போயிற்று, கடன் தவணை மட்டும் நிற்காது. அந்தப் பத்து நாளில் மளிகைக் கடைக்காரர் வேறு வண்டியை அமர்த்திக்கொண்டால் வாடிக்கையும் போய்விடும். ஆகவே, ரூ.2 லட்சம் கையிலிருந்தால் ரூ.1.5 லட்சத்துக்கு வண்டி பார்ப்பதே உசிதம், மிச்சம் பழுதுக்கு.

அரசு செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. வர்த்தக வாகனங்களுக்கு முதல் 8 ஆண்டுகள் வரை 2 ஆண்டுகளுக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சோதனை நடக்கிறது. அதாவது, வாங்குபவருக்குத் தெரியாத தகவலின் ஒரு பகுதி அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது. வாகன் தளத்தில் பதிவெண்ணைக் கொண்டு தகுதிச் சான்றின் காலாவதி நாளைப் பார்க்க முடிகிறது. பிரேக், ஸ்டியரிங், புகை ஆகிய சோதனைகளின் முடிவுகளையும் அதே இடத்தில் வெளியிடுவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவைப்படாது என்றே கருதுகிறேன். ஐ.டி.ஐ.-களில் மோட்டார் வாகனப் பிரிவு மாணவர்கள் சிறு கட்டணத்துக்குப் பழைய வண்டிகளைப் பரிசோதித்து எழுத்துப்பூர்வ அறிக்கை தரும் ஏற்பாட்டையும் தொடங்கலாம். மாணவர்களுக்கு அது செய்முறைப் பயிற்சியாகவும் அமையும்.

அதுவரை, வாங்குபவர் தானே ஒரு மெக்கானிக்கை ரூ.500 கொடுத்து அழைத்துச் செல்வதுதான் வழி. அவர் விற்பவரோ தரகரோ காட்டிய மெக்கானிக்காக இருக்கக் கூடாது.